மழையில் நனைந்தும் கைவிடாத வரைபடம்

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுவெளியில் ‘லெட்டர்பாக்ஸ்’ (குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் முத்திரையை நம் நோட்டில் பதித்துக்கொள்ள ஒளித்துவைத்த டப்பா) தேடப் போகிறவர்களுக்கு, பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 28 வரைபடத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள பதிப்பையே வாங்குங்கள். பெல்லிவர் காட்டில் இரண்டு மணி நேரம் அதை மழையில் விரித்துப் பிடித்திருந்தேன்; கைக்குட்டையால் துடைத்ததும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

அளவு 1:25,000; அதாவது, 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர். கல்சுவர்கள்கூட இருக்கின்றன. என் கையிலிருந்த குறிப்போ, ‘சுவர் முனையிலிருந்து 35 தப்படி, குன்றின் உச்சி திசைகாட்டியில் 210 பாகையில்’ என்பதோடு முடிந்துவிட்டது. அந்த முனையை வரைபடத்தில் கண்டுபிடித்த பிறகுதான் கால்கள் நகர்ந்தன.

பாறையடியில் பாசியை விலக்கினால், டேப் சுற்றிய சிறு டப்பா! உள்ளே ஈரம் படாத நோட்டு, குருவி செதுக்கிய ரப்பர் முத்திரை. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே வருவோரின் முகவரி அட்டைகளுக்காக ஒரு பாட்டிலை வைத்ததில் தொடங்கிய வழக்கம் இது. நினைத்தபோது சிலிர்த்தது.

ஸ்டாம்ப் பேடை மட்டும் வீட்டிலேயே அழுத்திப் பாருங்கள். ஒரு கடையில் நான் வாங்கியது காய்ந்துகிடந்தது. குருவியின் வால் மட்டுமே என் நோட்டில் பதிந்தது. அடுத்த மாதம் முழுக் குருவிக்காக மறுபடியும் போகிறேன்.