ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 4,000 வெள்ளி: படித்து முடித்தவளின் கருத்து

எனக்கு 53 வயது. ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்மேம்பாட்டுத் திட்டத்தில், பயிற்சிக்கென்று 4,000 வெள்ளி கிடைத்ததல்லவா, அதில் ஒரு பாலிடெக்னிக்கில் பகுதிநேரமாக டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) படித்தேன்.

பண விஷயத்தில் குறையே இல்லை. நம் வயதுக்காரர்களுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. மீதியை இந்தத் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். என் கையிலிருந்து எதுவும் போகவில்லை. காலாவதித் தேதியும் கிடையாது. ஆனால் வேலைக்கு உதவும் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான். அது சரியான கட்டுப்பாடு. இதே திட்டத்தில் முன்பு கொடுத்த 500 வெள்ளியில் ஒரு தனியார் மையத்துக்குப் போயிருந்தேன். திரையில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டு அனுப்பினார்கள்.

இங்கே அப்படியில்லை. "உங்கள் ஆபீஸ் ஃபைலையே கொண்டுவாருங்கள், தொகைகளை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்றார் ஆசிரியர். எங்களுக்கு மூன்று கிடங்குகள். ஒன்றின் ஃபைலில் தேதி எழுதும்போது நாள் முதலில், இன்னொன்றில் மாதம் முதலில், மூன்றாவதில் பொருள் எண்ணுக்கு முன்னால் ஒரு இடைவெளி. மாதக் கடைசியில் இதையெல்லாம் கையால் திருத்தி ஒட்டுவதே என் வேலையாக இருந்தது. எக்செலில் இருக்கும் பவர் குவெரி என்ற கருவியில் ஒருமுறை விதி எழுதி வைத்தேன். இப்போது ரெஃப்ரெஷ் அழுத்தினால் மூன்றும் ஒரே பட்டியலாக வந்துவிடுகிறது.

கஷ்டம் நேரத்தில்தான். வகுப்பு இரவு ஏழு முதல் பத்து வரை. ஒவ்வொரு முறையும் அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸில் க்யூஆர் ஸ்கேன் செய்து வருகையைப் பதிய வேண்டும். 75 விழுக்காடு வருகை கட்டாயம். கணக்கு முடிக்கும் வாரத்தில் வகுப்பு வந்தால் திண்டாட்டம். முழுநேரமாகப் படித்தால் நம்முடைய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, அதிகபட்சம் 24 மாதங்களுக்குத் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் இந்த வயதில் இருக்கிற வேலையை விட எத்தனை பேர் துணிவார்கள்? பகுதிநேரத்துக்கு மாதம் 300 வெள்ளி என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது காசு இல்லை, வாரத்தில் ஒரு மாலை சீக்கிரம் கிளம்ப அனுமதி.

2030க்குள் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறது அரசாங்கம். 2026 ஜூலை முதல் ஓய்வு வயது 64, மறுவேலை வயது, அதாவது தகுதியுள்ளவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் முதலாளி வேலை தர முன்வர வேண்டிய வயது வரம்பு, 69. அவ்வளவு காலம் வேலை பார்க்க வேண்டுமானால் நடுவில் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இந்தத் தொலைநோக்கை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அரசாங்கம் தன் பங்கைச் செய்துவிட்டது. படிக்கிற ஊழியருக்கு நேரம் ஒதுக்கித் தர முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் விதி இன்னும் வரவில்லை. அது வந்தே ஆக வேண்டும்.

சேர நினைப்பவர்கள் பணத்தைக் கோருவதற்கு முன் முழு அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். தேர்வுத் தேதிகள் உங்கள் மாதக் கடைசியில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் அடுத்து தொடங்கும் வகுப்பில் சேருங்கள். தொகை அப்படியேதான் இருக்கும்.