லூயிஸ் வால்ஷ், சைமன் கோவெல்: ஒரே மேசை, இரண்டு தொழில்

2004-இல் பிரிட்டனில் 'தி எக்ஸ் ஃபேக்டர்' என்ற டிவி பாட்டுப் போட்டி தொடங்கியபோது இருவரும் ஒரே நடுவர் மேசையில் உட்கார்ந்தார்கள். பார்ப்பவருக்கு ஒரே வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் வால்ஷ் பாடகர்களின் மேனேஜர்; கோவெல் இசை நிறுவனத்துக்காரர்.

அயர்லாந்துக்காரரான வால்ஷ் 1993-இல் பாய்சோன், 1998-இல் வெஸ்ட்லைஃப் என்று பையன்களைச் சேர்த்துக் குழு அமைத்தவர். ஆளைப் பிடிப்பது, சண்டையைத் தீர்ப்பது, வாய்ப்பு வாங்கித் தருவது எல்லாம் மேனேஜர் தலையில். வருமானம் கமிஷன்தான். கோவெலின் கணக்கு வேறு: எந்தப் பாட்டு விற்கும்? வெஸ்ட்லைஃபை ஒப்பந்தம் செய்தவரும் அவரே. பிரிட்டனில் அந்தக் குழுவின் 14 பாடல்கள் முதலிடம் பிடித்தன. அதில் இருவருக்குமே பங்குண்டு.

நடுவர் நாற்காலியில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அங்கே நடுவர்களே போட்டியாளர்களைப் பிரித்துக்கொண்டு வழிகாட்டுவார்கள். 2005-இல் வென்ற ஷேன் வார்ட், வால்ஷ் வழிகாட்டிய போட்டியாளர். சரி, பாட்டை வெளியிட்டது யார்? கோவெலின் சைக்கோ நிறுவனம்! நிகழ்ச்சியே கோவெல் உருவாக்கியது என்பதால், எதிரணி ஜெயித்தாலும் அவருக்கு லாபம்தான்.

தோற்றவர்களிடமும் இதே கதை. 2010-இல் மூன்றாவதாக வந்த பையன்கள் குழுவான ஒன் டைரக்‌ஷனைக் கோவெல் உலகம் முழுக்க விற்றார். வால்ஷோ 2009-இல் ஊரே கேலி செய்த ஜெட்வர்ட் இரட்டையருக்கு மேனேஜர் ஆனார். வியாபாரமாகப் பார்த்தால் கோவெல் பக்கம்தான் தராசு சாயும். ஆனாலும் ஜெட்வர்டைக் கையில் எடுக்க ஒரு குறும்பு வேண்டும். அது வால்ஷிடம்தான் இருந்தது.