கூகுள் ஸ்காலர்: தேடக் கெட்டி, அளக்கச் சந்தேகம்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் 2004 நவம்பரில் வந்தது. சந்தா கிடையாது, லாகின் தேவையில்லை. ஒரு வேதியியலாளரின் பேப்பர்களைத் தேடிப் பிடிக்க இதைவிட வேகமான வழி இல்லை. தேர்வுக் குழுக்கள் இதில் வரும் எச் இண்டெக்ஸை (20 என்றால், 20 பேப்பர்கள் தலா 20 முறையாவது பிற பேப்பர்களில் குறிப்பிடப்பட்டிருக்கின்றன) அப்படியே படிவத்தில் ஏற்றுவதில்தான் வில்லங்கம்.

சோதித்துப் பார்க்கத் தோதான பெயர் சங்கர் பாலசுப்ரமணியன். 1966-இல் சென்னையில் பிறந்தவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர், டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து டிஎன்ஏ எழுத்துகளின் வரிசையைப் படிக்கும் சோலெக்ஸா வரிசையறி முறையை உருவாக்கியவர். ‘எஸ் பாலசுப்ரமணியன்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பாலிமர், பயிர்நோய், மேலாண்மை என எல்லாத் துறைப் பாலசுப்ரமணியன்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். நம்மூரில் எஸ் பெரும்பாலும் அப்பா பெயர், இவருக்கோ சொந்தப் பெயர். ஸ்காலருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இடது மூலையில் மூன்று கோடுகளை அழுத்தி மேம்பட்ட தேடலைத் திறக்க வேண்டும். ஆசிரியர் கட்டத்தில் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, சொற்றொடர் கட்டத்தில் ஜி-குவாட்ருப்ளெக்ஸ் (அவர் ஆராயும் நான்கு இழை டிஎன்ஏ வடிவம்) என்று கொடுத்தால் குப்பை பெருமளவு போய்விடும். ஆனால் அவருடைய வரிசையறி வேலையும், டிஎன்ஏவின் வேதி மாற்றங்களைப் படிக்கும் ஆக்ஸிடேட்டிவ் பைசல்ஃபைட் முறை பற்றி 2012-இல் சயின்ஸ் இதழில் வந்த பேப்பரும் அதோடு போய்விடும். ஆகவே தலைப்புக்கு ஒரு தேடல் வீதம் நடத்தித்தான் பட்டியலைச் சேர்க்க முடியும். ஒரு தேடலுக்கு 1000 முடிவுக்கு மேல் காட்டாது. அடுத்தடுத்துக் கேட்டால் ‘நீங்கள் ரோபோவா’ என்று மறித்துவிடும். ஆண்டு வாரியாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

பட்டியல் சுத்தமானாலும் எண் சுத்தமாகாது. சோலெக்ஸா வேதியியலால் முழு மனித ஜீனோமைப் படித்த 2008 நேச்சர் பேப்பரில் ஏறத்தாழ 200 ஆசிரியர்கள். அதன் சைட்டேஷன் (பிற பேப்பர்கள் அதைக் குறிப்பிட்ட எண்ணிக்கை) அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும், பங்கு பிரிப்பதில்லை. மறுபக்கம், இன்று ஆலிகோ எனும் குட்டி டிஎன்ஏ துண்டுகளைத் தயாரிக்கும் மெஷின்களில் ஓடும் பாஸ்போரமிடைட் வேதியியல், போகாஜும் கருதர்ஸும் 1981-இல் டெட்ராஹெட்ரான் லெட்டர்ஸில் எழுதிய நாலு பக்கத்தில் தொடங்கியது. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆருக்குப் பிரைமர் (அதைத் தொடங்கிவைக்கும் ஆலிகோ) ஆர்டர் செய்கிற யார் அந்தப் பேப்பரைக் குறிப்பிடுகிறார்கள்? அதே துறையில் டிஎன்ஏ, ஆர்என்ஏ இழை எப்படி மடியும் என்று கணிக்கும் எம்ஃபோல்ட் சர்வர் பற்றிய 2003 பேப்பருக்குப் பல்லாயிரம் சைட்டேஷன், ஏனென்றால் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதைக் குறிப்பிடுவது வழக்கம். ஒரே துறைக்குள்ளேயே சைட்டேஷன் பழக்கம் இப்படி மாறும்போது, ஒற்றை எண்ணை வைத்து இருவரை ஒப்பிடுவது வீண்வேலை.

வேதியியலாளர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர்கள் அதிகம் எழுதும் ஆங்கவாண்டே கெமி இதழுக்கு ஜெர்மன் பதிப்பு ஒன்று, சர்வதேசப் பதிப்பு ஒன்று. ஒரே பேப்பர் இரண்டு வரியாக வந்து சைட்டேஷன் பிரிந்து கிடக்கும். சொந்த புரொஃபைல் வைத்திருப்பவர் இரண்டையும் டிக் செய்து இணைத்துக்கொள்ளலாம். இணைத்த பின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால், வேறு பேப்பரின் சைட்டேஷனும் உள்ளே கலந்திருக்கலாம் என்று பொருள். தானாகச் சேர்க்கும் அமைப்பை அணைத்து, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் அந்தப் பயிர்நோய்ப் பாலசுப்ரமணியன் மறுபடி உள்ளே வந்துவிடுவார்.

சரிபார்ப்பு என்று எதுவும் இதில் கிடையாது. 2012-இல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போலி ஆசிரியர் பெயரில் சில ஆவணங்களை இணையத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஸ்காலர் அவற்றிலிருந்த சைட்டேஷனையும் எண்ணிக்கொண்டது. தன்னைத் தானே சைட் செய்ததைக் கழிக்கும் வசதியும் இல்லை. ஸ்கோபஸ் என்ற போட்டித் தளத்தில் அது உண்டு, ஆனால் சந்தா வேண்டும். அதன் ஆசிரியர் பக்கத்தை மட்டும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றும் பேப்பர்) போன்றவை அங்கே ஸ்காலர் அளவுக்கு எண்ணப்படுவதில்லை, அதனால் எண் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

தேடலுக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தரலாம், அளவுகோலாக இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. படிவத்தில் எச் இண்டெக்ஸ் கேட்டே தீருவார்கள் என்றால், எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஸ்காலர் எண் அடுத்த மாதமே ஏறலாம், சைட் செய்த பக்கம் இணையத்திலிருந்து காணாமல் போனால் இறங்கவும் செய்யலாம்.