ஒரே வத்தையா, பக்கத்து வத்தையா? பியூர் டேட்டாவோடு லுவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட்

பாம்பனில் ஒரு படிப்பக அறையின் வடக்குச் சுவரில் ஓர் ஒலிபெருக்கி, தெற்குச் சுவரில் இன்னொன்று. வடக்குச் சுவர் வடகடலைப் பேசும், தெற்குச் சுவர் தென்கடலைப் பேசும். வரைபடம் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று எழுதினாலும் எங்கள் ஊர் வழக்கில் அவை வடகடலும் தென்கடலும்தான். தண்ணீருக்குள் ஹைட்ரோபோன் இறக்கிப் பதிவு செய்த ஒலிகளை, அன்றைய காற்றையும் நேரத்தையும் பார்த்து ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினி தேர்ந்தெடுத்து ஒலிக்கவிடுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசினால் தலைகீழ். நாளிதழ் படிக்க வருகிறவர் தலையை நிமிர்த்தாமலே காற்று மாறியதைக் காதால் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

பதிவுகளில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்தவை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் தண்ணீருக்குள் எஞ்சின் இரைச்சல் குறைந்து மற்ற குரல்கள் தெளிவாகக் கேட்கும்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட கருவி பியூர் டேட்டா. 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் மேக்ஸ் என்ற காட்சிவழி நிரலாக்கச் சூழலை உருவாக்கிய மில்லர் பக்கெட், 1996 வாக்கில் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது இது. திரையில் பெட்டிகளை வைத்து, அவற்றைக் கம்பியால் இணைத்தால் ஒலி ஓடும். வடிகட்டி, கலவை, மெல்ல ஏறி இறங்கும் ஒலியளவு ஆகியவற்றையெல்லாம் எழுத்தில் எழுதுவதைவிடக் கம்பியில் இழுப்பது தெளிவு; எது எங்கே போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

முடிவெடுக்கும் வேலைக்கு வந்தால்தான் கம்பி வலையாகிச் சிக்குகிறது. 'காற்று தென்மேற்கிலிருந்து வலுவாக வீசி, பொழுதும் சாய்ந்திருந்து, கடந்த ஒரு மணி நேரத்தில் அதே பதிவு ஒலிக்காமலும் இருந்தால்' என்ற ஒரே நிபந்தனைக்கு நான் போட்ட பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன்: 41. மறுவாரம் திறந்து பார்த்தபோது அதை எழுதிய எனக்கே புரியவில்லை. அதே நிபந்தனை, எழுத்தில் எழுதும் லுவா என்ற நிரல் மொழியில் ஒன்பது வரி.

ஆகவே பேட்சுக்குள், அதாவது பெட்டியும் கம்பியுமான அந்த நிரலுக்குள், எழுத்து மொழி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த மொழி என்பதில்தான் மூன்று மாதம் போனது. இணையத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மொழியின் அழகை ஒப்பிடுகிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது வேறு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த மொழி ஒலியோடு ஒரே வத்தையில் ஏறுகிறதா, பக்கத்து வத்தையில் வருகிறதா என்பதுதான். வத்தை என்றால் எங்கள் ஊர் நாட்டுப் படகு; ஒலி ஓடும் மென்பொருளுக்குள்ளேயே ஓடுகிறதா, வெளியே தனியாக ஓடுகிறதா என்று பொருள்.

பியூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள்கள் (ஒலி அலையின் அளவை நொடிக்கு நொடி குறிக்கும் எண்கள்) கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகிறது. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு கட்டு ஏறத்தாழ 1.45 மில்லி வினாடி. ஒரு கட்டு ஒலி, பிறகு காத்திருக்கும் செய்திகள், பிறகு அடுத்த கட்டு என்று எல்லாமே ஒரே இழையில், அதாவது ஒரே வேலை ஓட்டத்தில், வரிசையாக நடக்கும். உள்ளே ஏற்றிய லுவாவோ பைத்தானோ அந்த வரிசையில் நின்றுதான் வேலை செய்யும். அது தாமதித்தால் ஒலியும் நின்று காத்திருக்கும், ஒலி அட்டை காத்திருக்காது. விளைவு ஒரு 'டிக்'.

முதலில் நான் பிடித்தது பைத்தான், ஏற்கெனவே தெரிந்த மொழி என்பதால். அதைப் பியூர் டேட்டாவுக்குள்ளேயே ஏற்றும் இணைப்புகள் உண்டு: தாமஸ் கிரில் எழுதிய பழைய 'பை', சார்ல்ஸ் நெய்மோக் எழுதும் புதிய 'பை4பிடி'. ஒலியைப் பகுத்தறியும் நூலகங்கள் பைத்தானில் குவிந்து கிடக்கின்றன. ஒரு பதிவின் உரப்பை அளக்க நான்கு வரி போதும். 15 வினாடிக்கு ஒருமுறை அதை ஓடவிட்டு, மடிக்கணினியில் கேட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

சரியாக இல்லை என்று சொன்னவர், நாற்பது வருடம் தென்கடலில் தொழில் செய்து ஓய்ந்த என் பெரியப்பா. நான் ஒலிக்கவிட்டது பார் அருகே எடுத்த பதிவு. பவளப் பாரை ஒட்டிய தண்ணீரில் எந்நேரமும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போன்ற சத்தம் இருக்கும். அது ஒரு வகை இறாலின் வேலை. கொடுக்கை அது மூடும் வேகத்தில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. உடையும் ஓசைதான் நமக்குக் கேட்கிறது. என் மென்பொருளின் 'டிக்' அந்தப் பொரியலுக்குள் ஒளிந்துகொண்டதால் என் காதுக்குப் பிடிபடவில்லை. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "தம்பி, இடையில் ஒன்று எண்ணி வைத்தாற்போல் வருகிறதே. இறால் கணக்குப் பார்த்தா சொடுக்கும்?" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக 15 வினாடி.

அளந்து பார்த்தபோது பைத்தான் ஒவ்வொரு முறையும் 30 மில்லி வினாடி எடுத்துக்கொண்டிருந்தது. இருபது கட்டுகள் அந்த இடைவெளியில் விழுந்துவிடும். ஒலி அமைப்பில் தாங்கல் நேரத்தை, அதாவது முன்கூட்டிக் கணக்கிட்டு வைக்கும் ஒலியின் அளவை, 100 மில்லி வினாடியாக உயர்த்தினால் இது மறைந்துபோகும், உண்மைதான். கையால் வாசிக்கும் கருவி இல்லை என்பதால் அந்தத் தாமதமும் என் அறைக்குப் பொருட்டல்ல. ஆனால் அதே நிரல் காற்று விவரத்தை இணையத்திலிருந்து எடுக்கப் போகும்போது, கைபேசி அலை விட்டு விட்டு வரும் இந்த ஊரில், நான்கு வினாடி நிற்கும். அதை எந்தத் தாங்கலும் மறைக்காது. தனி இழையில் ஓடவிடும் வழி கிரிலின் இணைப்பில் உண்டு. அங்கேயும் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைத்தானை ஓட்டலாம் என்ற பூட்டு நிற்கிறது. பூட்டு அடுத்தவர் கையில் இருக்கும் நொடியில் ஒலி இழை பைத்தானைக் கூப்பிட்டால், அதுவும் வாசலில் நிற்க வேண்டியதுதான். இன்னொரு தொல்லை, நிறுவுவது. இணைப்பு எந்தப் பைத்தான் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டதோ அந்தப் பதிப்பு கணினியில் இருந்தாக வேண்டும். தொலைவில் ஒரு அறையில் தானாக ஓட வேண்டிய பெட்டிக்கு அது சரிப்படாது.

லுவா 1993இல் பிரேசிலில் பிறந்தது. இன்னொரு மென்பொருளுக்குள் குடியிருப்பதை மனத்தில் வைத்தே வளர்ந்த மொழி, ஆகவே உருவமும் சிறியது. பியூர் டேட்டாவுக்கான இணைப்பு பிடிலுவா. பல கை மாறி, இப்போது ஆல்பர்ட் கிராஃப் அதைக் கவனித்துக்கொள்கிறார். லுவா முழுவதும் இணைப்புக்குள்ளேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பிளக்டேட்டா என்ற புதிய முகம் கொண்ட பதிப்பில் அது கூடவே வருகிறது. ஒரு கோப்பு எழுதினால் அதுவே ஒரு பெட்டி. முதல் நுழைவாயிலில் எண் வந்தால் என்ன செய்வது, பட்டியல் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்பு. அவ்வளவுதான்.

இதன் பெரிய பலம் கடிகாரம். லுவா நிரல் தன்னை 250 மில்லி வினாடி கழித்து எழுப்பச் சொன்னால், பியூர் டேட்டாவின் சொந்தக் காலவரிசையில், ஒலியோடு ஒட்டியே எழுப்பப்படுகிறது. ஒரே வத்தையில் ஏறியதன் லாபம் இது. வடகடல் மங்கும்போது தென்கடல் ஏறுவதை நான் லுவாவிடம் நம்பி விட்டதும் இதனால்தான்.

இன்னொரு பலம் எண்களில் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. பியூர் டேட்டாவின் வழக்கமான பதிப்பு எண்களை 32 பிட் தசமமாக வைத்திருக்கிறது. 1,67,77,216க்கு மேல் எல்லா முழு எண்களும் அதில் அடங்காது. கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிக் கணக்கு இன்று 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை ஒரு கம்பியில் விட்டால் 128 வினாடிக்கு ஒருமுறைதான் அது நகரும். 'இந்தப் பதிவு கடைசியாக எப்போது ஒலித்தது' என்று கம்பிவழியே கணக்குப் போட்ட நான், ஏன் விடை இரண்டு நிமிடம் தள்ளியே வருகிறது என்று ஒரு முழு இரவு தேடினேன். லுவாவுக்குள் எண்கள் 64 பிட். நேரக் கணக்கு முழுவதையும் உள்ளேயே முடித்து, விடையை மட்டும் கம்பியில் அனுப்புவதே வழி.

பலவீனம் இல்லாமல் இல்லை. லுவா ஒன்றிலிருந்து எண்ணும், பியூர் டேட்டாவின் அட்டவணை சுழியிலிருந்து எண்ணும். பழகும் வரை தடுமாற்றம்தான். அதைவிடப் பெரிய பள்ளம் வேறு. எல்லா லுவாப் பெட்டிகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. ஒரு மாறியின் முன்னால் 'லோக்கல்' என்று எழுத மறந்தால் அது எல்லாப் பெட்டிக்கும் பொதுச் சொத்து. நான் மறந்த அன்று வடக்குப் பெட்டியும் தெற்குப் பெட்டியும் ஒரே மாறியில் எழுதி, இரண்டு சுவரும் ஒரே கடலைப் பேசின. பயன் முடிந்த நினைவகத்தை விடுவிக்கும் குப்பை நீக்கும் வேலையும் ஒலி இழையிலேயே நடக்கிறது. லுவா அதைச் சிறுகச் சிறுகச் செய்வதால் தாங்கும், ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் புதிதாக அட்டவணை உருவாக்கிக் கொட்டினால் தாங்காது. அண்மைப் பதிப்புகளில் லுவாவிலேயே ஒலிச் சாம்பிள்களைக் கையாளலாம். செய்து பார்த்தேன், இந்தச் சிறிய கணினிக்கு அது பாரம்.

இணையத்துக்குப் போகும் வேலையை லுவாவிடம் கொடுத்தாலும் பைத்தானுக்கு நடந்ததே நடக்கும். ஆகவே பைத்தானைத் தனிச் செயல்முறையாக, அதாவது தானாக ஓடும் வேறொரு நிரலாக, வெளியே வைத்தேன். இரண்டுக்கும் இடையே கயிறு ஒரு பிணைய இணைப்பு. பியூர் டேட்டாவின் சொந்தச் செய்தி வடிவம் அரைப்புள்ளியில் முடியும் வெறும் உரை வரிதான். பைத்தான் 'காற்று 225 18;' என்று ஒரு வரி எழுதுகிறது. திசை 225 பாகை, வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். மறுமுனையில் 'காற்று' என்ற சொல்லைப் பிரித்தெடுக்கும் பெட்டி ஒன்று காத்திருக்கிறது. பல கருவிகளோடு பேச வேண்டுமென்றால் ஓஎஸ்சி என்ற பொது நெறிமுறை நல்லது. இந்த ஒரு வரிக்கு அது தேவைப்படவில்லை. இணையம் நான்கு வினாடி நின்றால் பைத்தான் மட்டும் நிற்கும். கடல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பைத்தான் செத்தே போனாலும் இயங்குதளம் அதை மறுபடி எழுப்பிவிடும்.

இந்த ஏற்பாடு பியூர் டேட்டாவுக்கு அந்நியமும் அல்ல. நாம் திரையில் பார்க்கும் முகமே டிக்கிள் மொழியில் எழுதிய தனிச் செயல்முறை. ஒலி இயந்திரத்தோடு அது இணைப்பு வழியாகத்தான் பேசுகிறது. தாமதிக்கக் கூடிய வேலையைப் பக்கத்து வத்தைக்கு மாற்றும் முடிவைப் பக்கெட் எப்போதோ எடுத்துவிட்டார்.

பக்கத்து வத்தையின் குறை, நேரத் துல்லியம். செய்தி எந்தக் கட்டில் வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. காற்று விவரம் அரை வினாடி பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. தாளத்துக்கு அதை நம்பினால் கெட்டது.

மேக்ஸ் பக்கம் கதை வேறு விதம். அங்கே ஒலிக்குத் தனி இழை. ஜாவாஸ்கிரிப்ட் பெட்டி முன்னுரிமை குறைந்த வரிசையில் ஓடுகிறது. ஆகவே நிரல் எவ்வளவு தடுமாறினாலும் ஒலி அறுவதில்லை. கட்டளைதான் பிந்தும், அதுவும் திரையில் வேலை அதிகம் இருந்தால் இன்னும் பிந்தும். பல ஆண்டுகள் பழைய ஜாவாஸ்கிரிப்டோடு காலம் தள்ளியவர்களுக்கு 2024இல் வந்த மேக்ஸ் 9, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நவீன வி8 இயந்திரத்தைக் கொடுத்தது. மொழி புதிது, நிற்கும் வரிசை பழையதே. 2018இல் மேக்ஸ் 8 கொண்டுவந்த, ஜாவாஸ்கிரிப்டை வெளியே ஓட்டும் நோட் இணைப்பு முற்றிலும் தனிச் செயல்முறை. இணையம், கோப்பு, தரவுத்தளம் எல்லாம் அதன் வேலை. என் வெளிப் பைத்தானுக்கு அண்ணன் என்று சொல்லலாம். நேரமும் துல்லியமாக வேண்டும், மொழியும் வேண்டும் என்பவர்களுக்கு இயன் டங்கன் எழுதிய, ஸ்கீம் என்ற மொழிக்கான இணைப்பு முன்னுரிமை மிகுந்த இழையில் ஓடக்கூடியது. அடைப்புக்குறிகள் பழக வேண்டும்.

மேடையில் மடிக்கணினியோடு நிகழ்த்துகிறவருக்கு நான் மேக்ஸைத்தான் சொல்வேன். நிகழ்ச்சி நடுவே ஒலி அறாமல் இருப்பது அங்கே பெரிய காப்பு. என் அறைக்கு அது பொருந்தவில்லை. மேக்ஸ் மேக், விண்டோஸ் இரண்டில் மட்டுமே ஓடும், விலை கொடுத்து வாங்க வேண்டும், உப்புக் காற்றில் வைக்கும் கணினியும் மலிவாக இருந்தாக வேண்டும். போன வருடம் ஒரு ஒலி அட்டையின் யுஎஸ்பி முனை பச்சை பூத்துப் போனது. மேக்ஸ் நிறுவனத்தின் ஆர்என்பிஓ என்ற துணைக் கருவி வழியாக ராஸ்பெர்ரி பைக்கு ஏற்றுமதி செய்யலாம்தான், ஆனால் அது வேறொரு உலகம்.

சாம்பிள் சாம்பிளாகக் கணக்கிட வேண்டிய வடிகட்டிக்கு இந்த மொழிகள் எதுவும் ஆகாது. அதற்கு லியோனின் கிராமே நிறுவனத்தில் உருவான ஃபாஸ்ட், மேக்ஸில் ஜென் என்று தொகுக்கப்படும் மொழிகள் இருக்கின்றன. கத்தாளை மீன் எழுப்பும் தாழ்ந்த உறுமலைப் பொரியலிலிருந்து பிரிக்க ஒரு வடிகட்டி வேண்டியிருந்தது. ஃபாஸ்டில் எழுதித் தொகுத்துவிட்டேன், பிறகு அதைத் தொடவே இல்லை.

இப்போது ஓடும் ஏற்பாட்டில் ஒலி கம்பியில், முடிவு உள்ளே லுவாவில், இணையம் வெளியே பைத்தானில். லுவாக் கோப்பில் போன வாரம் சேர்த்த வரி ஒன்று உண்டு. காற்று விவரம் வந்து மூன்று மணி நேரம் கடந்திருந்தால் அதை நம்பாமல், மாதத்தைப் பார்த்து வாடையா கச்சானா என்று அதுவே முடிவு செய்கிறது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ற கணக்கைச் சொன்னவர் பெரியப்பா. சித்திரையில் மட்டும் இரண்டையும் கலந்து வைக்கச் சொன்னார், கலந்து வைத்திருக்கிறேன்.