பழைய பெரிய வண்டிக்கு ஒரு டார்க் ரென்ச்: ஓராண்டு கழித்து எழுதும் மதிப்புரை

இருபது வயதைத் தாண்டிய, இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள என் எஸ்யூவியின் எஞ்சின் ஆயிலை முதன்முறையாக நானே மாற்றிய நாளில், ஆயில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஆயிலை வடிக்கும் துளையை மூடும் டிரெயின் போல்ட்டை இன்னொரு கால் சுற்று முடுக்கினேன். அதுவரை கைக்கு எதிராக நின்ற ஸ்பேனர் திடீரென்று எடையற்றதுபோல் இலகுவாகச் சுழன்றது. எஞ்சினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் அலுமினியத் தொட்டியான ஆயில் பானின் மரை போய்விட்டது. கெட்ட மரையைக் குடைந்தெடுத்து, புதிய மரைச் சுருளைப் பொருத்தி, உலோகத் தூள் எஞ்சினுக்குள் போய்விடாமல் கழுவி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. வண்டியின் உருவத்தைப் பார்த்துக் கையின் பலத்தைத் தீர்மானித்ததுதான் தவறு என்று அன்று புரிந்தது. சக்கரத்தைத் தாங்கும் நட்டும் ஆயிலைத் தடுக்கும் போல்ட்டும் ஒரே வண்டியில் இருந்தாலும், இரண்டும் கேட்கும் பலம் ஒன்றுக்கொன்று மூன்று மடங்குக்கு மேல் வேறுபடும். அந்த அனுபவத்துக்குப் பிறகு வாங்கியதுதான், நாம் வைக்கும் பலம் எட்டியதும் சத்தம் கொடுத்துச் சொல்லும் இந்த டார்க் ரென்ச். ஓராண்டு முழுக்க ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் கையில் எடுத்த கருவி என்பதால், இதைப் பற்றிச் சற்று நிதானமாகவே எழுத முடியும்.

இது அரை அங்குலச் சதுர முனை கொண்ட, 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் (திருப்பும் பலத்தின் அலகு) வரை அளவு வைக்கக்கூடிய, க்ளிக் வகை ரென்ச். பல முத்திரைகளின் பெயரில் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் வரும் நடுத்தர ரகம். எடை ஒன்றரைக் கிலோ, நீளம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தனிச் சேசிஸ் மேல் உடல் அமர்ந்திருக்கும் பெரிய வண்டிகளில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. என் வண்டியின் கையேடு சக்கர நட்டுகளுக்கு 130 என்கிறது. பிரேக் காலிப்பரைத் தாங்கும் போல்ட்டுகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் விளிம்பு போல்ட்டுகள், டிஃபரன்ஷியலின் நிரப்பு மூடி, ஷாக் அப்சார்பர் போல்ட்டுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

உள்ளே இருப்பது மிக எளிய ஏற்பாடு. கைப்பிடியைத் திருகும்போது குழாய்க்குள் இருக்கும் ஒரு சுருள்வில் அழுத்தப்படுகிறது. அந்த வில், ரென்ச்சின் தலையிலிருந்து உள்நோக்கி நீளும் தண்டை ஒரு சிறிய சாய்கட்டையின் வழியே பிடித்து நிறுத்துகிறது. நாம் இழுக்கும் பலம் வில்லின் பிடியை மீறும் கணத்தில் கட்டை சாய்கிறது. தண்டு குழாயின் சுவரில் மோதுகிறது. அந்த மோதல்தான் காதில் விழும் 'க்ளிக்'. சத்தம் கேட்ட பிறகு ரென்ச் தானாக நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நிற்காது. தொடர்ந்து இழுத்தால் போல்ட் தொடர்ந்து இறுகும். எனவே கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுத்து, முதல் சத்தத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும். உறுதிக்காக இரண்டாம் முறை க்ளிக் செய்து பார்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. சற்றே கூடுதலாக இறுக்குவதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டேன்.

பெட்டியோடு வந்த சான்றுத்தாள், பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 6789 அனுமதிக்கும் கூட்டல் கழித்தல் 4 சதவீதத்துக்குள் கருவி இருப்பதாகச் சொன்னது. அச்சிட்ட தாளை அப்படியே நம்ப மனம் வராததால், ஒரு வாளித் தண்ணீரை வைத்து நானே சோதித்தேன். ரென்ச்சின் சதுர முனையை, மேசையில் பொருத்திய பிடிகருவியான வைஸில் இறுகக் கவ்வவைத்து, கைப்பிடியைத் தரைக்கு இணையாக நீட்டி, அளவை 80-இல் நிறுத்தினேன். சதுர முனையின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில், கைப்பிடியின் நடுவில், வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன். இருபதாவது கிலோவை நெருங்கியபோது அரைக் குவளையாகக் குறைத்துக்கொண்டேன். க்ளிக் விழுந்ததும் வாளியைக் கழற்றி எடை போட்டால் 20.2 கிலோ. அந்த எடையைப் புவியீர்ப்பால் பெருக்கி 0.4 மீட்டராலும் பெருக்கினால் ஏறத்தாழ 79.3 வரும். ரென்ச்சின் சொந்த எடை தரும் 3.2 நியூட்டன் மீட்டரையும் கூட்டினால் 82.5. அதாவது 80 என்று வைத்தால் மூன்று சதவீதம் அதிகமாக இறுக்கிய பிறகே சத்தம் கொடுக்கிறது. ஓராண்டு கழித்து அதே வாளியில் அதே சோதனையைச் செய்தபோது 19.9 கிலோவில் க்ளிக் விழுந்தது. கணக்குப்படி ஏறத்தாழ 81.3. என் தராசின் பிழையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மாற்றத்தைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைத்ததும், ஒருமுறைகூடக் கீழே போடாததும் இதற்கு உதவியிருக்கும். வில்லை அழுத்திய நிலையிலேயே மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால் அது தளர்ந்து, எண் ஒன்றும் பலம் வேறொன்றுமாகிவிடும்.

ஆனால் கருவி துல்லியமாக இருப்பது பாதி விஷயம்தான். பழைய வண்டியோடு பழகுபவர்கள் மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இதை வாங்கினால் ஏமாந்துவிடுவார்கள். ரென்ச் அளப்பது நாம் திருப்பும் பலத்தை மட்டுமே. இரண்டு பாகங்களை போல்ட் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி போல்ட்டின் தலைக்கடியில் உராய்விலும், ஏறத்தாழ நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் கரைந்துவிட, பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் இறுக்கமாக மாறுகிறது என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கையேட்டில் உள்ள எண் புதிய, சுத்தமான மரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இருபது ஆண்டுகளாகச் சேற்றிலும் மழையிலும் கிடந்த மரையில் உராய்வு சற்றே கூடினாலும், அந்தப் பத்தில் ஒரு பங்கைத்தான் அது முதலில் தின்னும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட விரலால் தெரிந்துகொண்டதே அதிகம். பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றியபோது, கீழ்ப்பக்கத்துப் பழைய போல்ட்டையே மறுபடி போட்டு முடுக்கினேன். கையேட்டின் எண்ணில் சுத்தமான ஒரு க்ளிக் கேட்டது. திருப்தியோடு துணியால் துடைத்தபோது, அதன் வாஷர் விரலோடு சேர்ந்து சுழன்றது. க்ளிக் கேட்ட போல்ட்டின் கீழே வாஷர் தளர்வாக இருந்தது! கழற்றிப் பார்த்தால் மரையின் நடுவில் மூன்று நான்கு சுற்றுகளில் துரு கட்டியாக உறைந்திருந்தது. நான் கொடுத்த பலம் முழுவதும் அந்தத் துருவோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. கம்பி பிரஷால் போல்ட்டைத் தேய்த்து, நட்டின் உட்புறத்தில் மரை வெட்டும் டேப்பை ஒருமுறை விட்டு எடுத்து, மறுபடி முடுக்கியபோது அதே எண்ணுக்கு நட்டு ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் கூடுதலாக உள்ளே போனது. அன்றிலிருந்து, கடைசி இறுக்கத்துக்கு முன் நட்டு விரலாலேயே அடிவரை ஏறுகிறதா என்று பார்க்காமல் நான் இந்த ரென்ச்சைத் தொடுவதில்லை.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் இருக்கிறது. துருவுக்குப் பயந்து மரை முழுக்க கிரீஸையோ துருத்தடுப்புப் பசையையோ பூசிவிட்டு, கையேட்டின் எண்ணையே வைத்து முடுக்கினால், குறைந்த உராய்வில் மிச்சமாகும் பலம் அப்படியே போல்ட்டை இழுக்கும். மெல்லிய போல்ட் நீண்டு அறுந்தே போகலாம். எண்ணெய் பூசி இறுக்க வேண்டிய இடத்தைக் கையேடே தனியாகச் சொல்லும். சொல்லாத இடத்தில், சக்கர நட்டுகள் உட்பட, மரையைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைப்பதே சரி.

இந்த ரென்ச் தன் விலைக்குக் கணக்குத் தீர்த்த வேலை என்றால், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களை, அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டுகளை, மாற்றியதைத்தான் சொல்வேன். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் ரப்பரும் ஒன்றோடொன்று ஒட்டியவை. போல்ட்டை இறுக்கிய நொடியில் உள்குழாய் சேசிஸோடு கவ்விக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் கடைசி இறுக்கம் கொடுத்தால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் ஓய்வு நிலையிலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கிழியும். ஆகவே எல்லாவற்றையும் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, சக்கரங்களைப் பூட்டி, வண்டியின் முழு எடையும் தரையில் இருக்கும்போதுதான் ரென்ச்சைப் போட வேண்டும். தாழ்ந்த காரில் இதற்குக் குழியோ லிஃப்டோ தேவைப்படும். பெரிய எஸ்யூவியின் தரை இடைவெளிதான் இங்கே கைகொடுக்கிறது: மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தால், மார்புக்கு மேலே ரென்ச்சை வீசக் கொஞ்சமேனும் இடம் கிடைக்கிறது.

கொஞ்சமேனும் என்று சொன்னதற்குக் காரணம், ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் இதன் ராட்செட் தலையில் 24 பற்கள்தான் இருக்கின்றன. ஒரு பல் நகர 15 டிகிரி வீச்சு வேண்டும். சேசிஸ் பட்டைக்கும் ஆர்முக்கும் நடுவே அந்த 15 டிகிரி கிடைக்காமல், சாக்கெட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஒரு மாலைப்பொழுதே போனது. 72 பற்கள் உள்ள ரென்ச்சுக்கு 5 டிகிரி போதும்; இன்று வாங்குவதாக இருந்தால் அதைத்தான் தேடுவேன். நேரான நீட்டுத்தண்டை சாக்கெட்டுக்கும் ரென்ச்சுக்கும் நடுவே போட்டால் கணக்கு மாறாது. ஆனால் ரென்ச்சின் நீளத்தை அதே திசையில் கூட்டும் பக்கவாட்டு முனையைப் போட்டால் மாறும். 40 சென்டிமீட்டர் நெம்புகோலில் 5 சென்டிமீட்டர் கூடினால், போல்ட்டில் 130 விழ வேண்டுமென்றால் ரென்ச்சில் ஏறத்தாழ 115 வைத்தால் போதும்.

அளவுகோல்தான் இதன் மோசமான பகுதி. குழாயில் பொறித்த கோடுகளுக்குள் பூசியிருந்த வெள்ளை நிறம் மூன்றாவது மாதமே ஆயில் பட்டு அழிந்துபோனது. வண்டிக்கடியில் டார்ச் வெளிச்சத்தில் 110-ஐயும் 120-ஐயும் பிரித்தறிய முடியவில்லை. வெள்ளை நகப்பூச்சைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, கோடுகளை நானே மீட்டுக்கொண்டேன். கைப்பிடியின் பூட்டு வளையமும் இறுகப் பிடிப்பதில்லை. வேலைக்கு நடுவில் எண் நகர்ந்திருக்கிறதா என்று இரண்டு போல்ட்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் தாழ்ப்பாள் உடைந்ததைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் இதன் இரு எல்லைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. இவ்வகை ரென்ச்சுகளின் துல்லியத்துக்கான உறுதி, உச்ச அளவின் 20 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது. 210-க்கு அது 42. என்னை இந்தக் கருவியிடம் கொண்டுவந்து சேர்த்த அந்த டிரெயின் போல்ட் கேட்பது 40 என்பதால், அதற்கே இது பொருந்தாது என்பது வேடிக்கைதான். அதற்கும், அதைவிட மென்மையான ஸ்பார்க் பிளக்குகளுக்கும் சிறிய ரென்ச் ஒன்றைத் தனியாக வாங்கினேன். மேல் எல்லையில், பெரிய வண்டிகளின் சில ஆக்ஸில் நட்டுகளும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளும் 210-ஐத் தாண்டிவிடும். அவற்றுக்கு முக்கால் அங்குல ரென்ச்சை இரவல் வாங்குவதே புத்திசாலித்தனம். குறிப்பிட்ட பலத்துக்குப் பின் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று சொல்லப்படும் எஞ்சின் ஹெட் போல்ட்டுகளுக்கு இதோடு கோணமானியும் தேவை. எந்த நிலையிலும் இதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. துருப்பிடித்த நட்டைக் கழற்ற பிரேக்கர் பார் என்னும் நீண்ட நெம்புகம்பியும் துருவில் ஊறும் எண்ணெயும் ஓர் இரவுப் பொறுமையும் இருக்கின்றன.

போன வாரம் டயர்களை இடம் மாற்றிப் போட்டேன். ஆறு நட்டு கொண்ட நான்கு சக்கரங்கள். எதிரெதிராக, இரண்டு சுற்றாக, 130-இல் இறுக்கினேன். எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கரங்கள் ஆறிய பிறகு அதே எண்ணில் மறுபடி சோதித்தபோது 22 நட்டுகள் அசையாமலே க்ளிக் கொடுத்தன. இரண்டு மட்டும் க்ளிக்குக்கு முன் ஒரு விரல் அகலம் நகர்ந்தன. இரண்டும் பின்பக்க இடது சக்கரத்தில் இருந்தவை. மற்ற மூன்றிலும், சக்கரம் பொருந்தி அமரும் ஹப்பின் முகத்திலிருந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்திருந்தேன். அதில் மட்டும், இருட்டிவிட்டதென்று விட்டுவிட்டேன்.