கேகே ஆஸ்பத்திரி பிள்ளைங்க எமர்ஜென்சி: காய்ச்சலே இல்லாம பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்தப்ப

மூணு மாசமா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். சிங்கப்பூர் கேகே ஆஸ்பத்திரி பிள்ளைங்க அவசரப் பிரிவுக்கும், அதுக்கப்புறம் நாங்க அஞ்சு நாள் இருந்த வார்டுக்கும் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், கைப்புள்ள வச்சிருக்கவங்க தயவு செஞ்சு முழுசா படிங்க.

பாப்பாவுக்கு அப்ப நாலரை மாசம், தாய்ப்பால் மட்டும்தான். ஒரு சனிக்கிழமை காலைல குளிப்பாட்டி படுக்க வச்சேன், இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு, கண்ணு அப்படியே நிலைகுத்தி நின்னுடுச்சு, அரை நிமிஷம்கூட இருக்காது, அப்புறம் பழையபடி சிரிக்கிறா. தெர்மாமீட்டர் வச்சா 36.8. காய்ச்சல் ஏறினா ஃபிட்ஸ் வரும்னு கேள்விப்பட்டிருக்கோம், ஒடம்பு சில்லுன்னு இருக்கறப்ப வரும்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஊர்லேந்து வந்திருந்த அத்தை, "இது மாந்தம்மா, வசம்பு சுட்டு ஒரச்சுக் குடுத்தா நின்னுடும்"னாங்க. நல்லவேளை, அதுக்குள்ள நாங்க கிளம்பிட்டோம்.

முதல்ல போனது வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு கிளினிக், பேர் வேண்டாம். காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னு சொன்னதும் வயித்துல காஸ், பிள்ளைங்க இப்படித்தான் திடுக்கிடும்னு சொல்லி சொட்டு மருந்து எழுதிட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் இழுத்துச்சுன்னு நான் சொன்னத யாரும் குறிச்சுக்கல. கையில வீடியோ இருந்திருந்தா அங்கயே கதை மாறியிருக்கும்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்கும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி மறுபடியும் வந்துச்சு, இந்தத் தடவ ரெண்டு கை ரெண்டு காலும், உதடு நீலமாயிடுச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு மேல. அவர் ஃபோன்ல வீடியோ எடுத்தார், நான் ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். அத்தை பாப்பா கைல சாவிக்கொத்து திணிக்க வந்தாங்க, நான்தான் வேண்டாம்னு பிடிச்சுக்கிட்டேன். டாக்ஸி பிடிச்சு ஓடினோம். அது தப்பு, நீங்க ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க. வழியில மறுபடி வந்திருந்தா டாக்ஸில என்ன பண்ணியிருப்போம்?

எமர்ஜென்சில நாங்க வந்த வரிசைல கூப்பிட மாட்டாங்க, நோய் எவ்வளவு கடுமையோ அதப் பாத்துதான் கூப்பிடுவாங்க. சளி இருமலுக்கு வந்தவங்க நிறைய பேர் உக்காந்திருந்தாங்க, நாங்க "நாலரை மாசம், காய்ச்சல் இல்ல, ஃபிட்ஸ், ரெண்டாவது தடவ"ன்னு சொன்னதும் நேரா உள்ள. முதல் வேலையா குதிகால்ல குத்தி சுகர் பாத்தாங்க, ஏன்னா சர்க்கரை கொறஞ்சாலே ஃபிட்ஸ் வருமாம், உடனே ஏத்தலன்னா மூளைக்கு ஆபத்தாம். சுகர் நார்மல்.

அப்புறம் டாக்டர் வீடியோவ மூணு தடவ பாத்துட்டு கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. பொறந்ததும் அழுதாளா, ஏன்னா பிரசவத்துல மூளைக்கு ஆக்சிஜன் பத்தாம போயிருக்கலாம். வைட்டமின் கே ஊசி போட்டாங்களா, போடலன்னா மண்டைக்குள்ள ரத்தம் கசியலாம். எங்கயாவது விழுந்தாளா, யாராவது வேகமா குலுக்கினாங்களா. குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல ஃபிட்ஸ் வந்து தானா போயிருக்கா, அப்படி வழிவழியா வர்ற வகையும் இருக்காம். தோல்ல இலை மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கான்னு லைட் அடிச்சு ஒடம்பு பூரா தேடினாங்க, அது மூளைல கட்டி வளர்ற ஒரு பிறவி நோயோட அடையாளம். ரொம்ப சின்னக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தாக்கூட ஒடம்பு சுடாம இருக்கலாம், அதனால காய்ச்சல் இல்லன்னு தொத்து நோய ஒதுக்கிட முடியாதுன்னும் சொன்னாங்க.

அடுத்து வீட்டுப் பக்கம் வந்தாங்க. தனியா தண்ணி குடுக்கறீங்களா? பவுடர் பால்ல தண்ணி கூட ஊத்துறீங்களா? ஆறு மாசத்துக்கு முன்னாடி வெறுந்தண்ணி குடுத்தா ரத்தத்துல சோடியம் கொறஞ்சு வலிப்பு வரும்னாங்க. நெஞ்சுல என்ன தேச்சீங்க? தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தங்க அத்தை பக்கத்துல உக்காந்து, அதட்டாம, "அம்மா, கற்பூரம் போட்டு எண்ணெய் காச்சினீங்களா, உள்ளுக்கு ஏதாவது குடுத்தீங்களா, சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம்"னு கேட்டாங்க. அப்பதான் அத்தை தயங்கித் தயங்கி சொன்னாங்க, சளி கட்டக்கூடாதுன்னு ரெண்டு வாரமா தேங்காயெண்ணெய்ல கற்பூரம் காச்சி தேச்சிருக்காங்க, எனக்கே தெரியாது. கற்பூரம் தோல் வழியாவும் உள்ள போகும், வாய்ல போனா இன்னும் மோசம், பிள்ளைங்களுக்கு ஃபிட்ஸ் வர அது ஒரு நிஜமான காரணம். நீலகிரித் தைலமும் வாய்க்குள்ள போச்சுன்னா அப்படித்தான். நம்ம வீடுகள்ல இது ரெண்டும் இல்லாத அலமாரி ஏது?

ஆனா எங்க பாப்பாவுக்கு காரணம் அது இல்ல. டாக்டர் அவ கைய எடுத்துப் பாத்துட்டே இருந்தாங்க. விரல் மூடி, கட்டவிரல் உள்ள மடங்கி, பிரிச்சு விட்டாலும் திரும்ப உள்ள போயிடும். நான் அத ஒரு வாரமா பாத்திருக்கேன், அழகுன்னு ஃபோட்டோகூட எடுத்து வச்சிருக்கேன். ரத்த ரிசல்ட் வந்துச்சு, கால்சியம் 1.6, குறைஞ்சது 2.2 ஆவது இருக்கணுமாம். வைட்டமின் டி தரைமட்டம். மணிக்கட்டு எக்ஸ்ரேல எலும்பு நுனி தேஞ்ச பிரஷ் மாதிரி பிரிஞ்சு தெரிஞ்சுது, எலும்பு வலுவில்லாம மெத்துனு ஆகற ரிக்கெட்ஸ் நோய் ஆரம்பம்னாங்க.

வருஷம் பூரா வெயில் அடிக்கற சிங்கப்பூர்லயா வைட்டமின் டி கொறையும்னு நான் வாயப் பொளந்துட்டேன். டாக்டர் பொறுமையா சொன்னாங்க: தாய்ப்பால்ல வைட்டமின் டி ரொம்பக் கம்மி, வயித்துல இருக்கறப்ப அம்மா ஒடம்புல எவ்வளவு இருக்கோ அதுதான் புள்ளைக்கு கையிருப்பு, நம்ம மாதிரி கருத்த தோலுக்கு அதிக வெயில் வேணும், ஜன்னல் கண்ணாடி வழியா வர வெயில் பிரயோஜனமில்ல. நான் சைவம், கர்ப்பமா இருந்தப்ப ஏசி ஆபீஸ், பொறந்தப்புறம் பதினாலாவது மாடிலயே இருந்தோம். எனக்கும் டெஸ்ட் பண்ணாங்க, எனக்கும் கம்மிதான்.

கால்சியம் ட்ரிப் ஏத்தினது தனியா சொல்லணும். ரொம்ப மெதுவாத்தான் ஏத்தணும், வேகமா போனா இதயத்துடிப்பு தடுமாறும், அதனால நெஞ்சுல மானிட்டர். ஊசி நழுவி மருந்து வெளிய கசிஞ்சா தோல் வெந்து புண்ணாயிடும்னு மிஸ்ஸி கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ வந்து டார்ச் அடிச்சு அந்தக் குட்டிக் கைய தடவிப் பாத்துட்டே இருந்தாங்க, விடிய விடிய, ஒரு தடவகூட முகம் சுளிக்கல. இந்த வகைக்கு வெறும் ஃபிட்ஸ் மருந்து சரியா கேக்காதாம், கால்சியம் ஏறினாத்தான் நிக்கும். நின்னுச்சு. கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பி பிறவியிலேயே சரியா உருவாகலன்னாலும் கால்சியம் கொறையும், அதோட இதயக் கோளாறும் சேந்து வரலாம்னு ஹார்ட் ஸ்கேனும் எடுத்தாங்க. மெக்னீசியமும் பாத்தாங்க. எல்லாம் சரி.

மூளையோட மின் அலையப் பதிவு பண்ற இஇஜி டெஸ்ட் எடுத்தப்ப மொட்டை போட்டு அப்பதான் முளைச்ச முடில பசை தடவி ஒயர் ஒயரா ஒட்டினாங்க, தூங்கறப்ப எடுத்தா நல்லதுன்னாங்க, பால் குடுத்துட்டே தூங்க வச்சேன்.

பக்கத்து பெட்ல ஒரு மலாய் குடும்பம். அவங்க பையன் தூங்கி எந்திரிச்சதும் சலாம் வைக்கிற மாதிரி தலை குனிஞ்சு கை விரியும், வரிசையா பத்துப் பதினஞ்சு தடவ. பாக்க சாதாரண திடுக்கிடல் மாதிரிதான் இருந்துச்சு, ஆனா அது ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாத வகை ஃபிட்ஸ், லேட்டானா புள்ளையோட வளர்ச்சி பின்னாடி போயிடும். 1841லேயே வெஸ்ட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் தன் சொந்தப் புள்ளைக்கு வந்ததப் பாத்து எழுதியிருக்காராம். அந்த அம்மாவும் காஸ்னுதான் நெனச்சிருந்தாங்க. அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

இப்ப பாப்பாவுக்கு டாக்டர் எழுதின அளவுல வைட்டமின் டியும் கால்சியமும். தாய்ப்பால் குடிக்கற மத்த பிள்ளைங்களுக்கு வழக்கமா ஒரு நாளைக்கு 400 யூனிட் சொட்டு மருந்து சொல்வாங்க, உங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே கேளுங்க. பாட்டில்ல ஒண்ணு கவனிங்க, சில பிராண்டுல ஒரே சொட்டுல 400 இருக்கும், சிலதுல ஒரு மில்லிலதான் 400, மாத்திக் குடுத்தா பல மடங்கு ஏறிடும், அதிகமானாலும் ஆபத்து.

டிஸ்சார்ஜ் பேப்பர் இங்கிலீஷ்ல இருந்துச்சு, நான் அத்தைக்காக தமிழ்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்: ஒருக்களிச்சுப் படுக்க வை, வாய்ல எதுவும் போடாத, நேரம் பாரு, லைட் போட்டு கை கால் தெரியற மாதிரி வீடியோ எடு, 995. அவங்களே கற்பூர டப்பாவ சாமி மாடத்துல மேல் தட்டுக்கு ஏத்திட்டாங்க. போன வாரம் திரும்ப ரத்தம் பாத்தோம், கால்சியம் 2.4. கட்டவிரல் இப்ப வெளிய இருக்கு.