கருவியா, கைப்பேசி எழுத்தா, சைகை மொழியா? பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

வீட்டில் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் உறவினர்கள் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். காது மெஷின் வாங்குங்கள் என்பார் ஒருவர். பேசுவதை எழுத்தாகக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் இறக்குங்கள் என்பார் மற்றொருவர். சைகை மொழி படியுங்கள் என்பார் மூன்றாமவர். மூன்றும் பயனுள்ளவைதாம். ஆனால் அவற்றுள் எது பொருந்தும் என்பதை முடிவுசெய்ய இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும்: அவருக்குக் கேட்கும் திறன் எந்த வயதில் குறைந்தது? எந்த எழுத்தை அவர் தடங்கலின்றிப் படிப்பார்? தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று பட்டர்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும், அதே வீட்டில் பிறவியிலேயே காது கேளாத பேரனுக்கும் இக்கேள்விகளுக்கான விடைகள் நேர் எதிரானவை. ஆகவே அவர்களுக்கான வழிகளும் வேறு வேறு.

பாட்டியைப் போன்ற பெரியவர்களிடமிருந்து தொடங்குவோம். முதுமையில் காதின் உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில், ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிகின்றன. அவற்றுள் உயர் அதிர்வெண் ஒலிகளைப் பிடிப்பவையே முதலில் போகின்றன. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை கேட்டுக்கொண்டே இருக்கும். க, ச, ட, த, ப போன்ற வல்லின ஓசைகள் மங்கிவிடும். பேசுவது காதில் விழுகிறது, ஆனால் ‘பத்து’ என்றாரா ‘பட்டு’ என்றாரா என்பது பிடிபடுவதில்லை. இதனால்தான் ‘வேண்டும்போது மட்டும் கேட்கிறது’ என்ற பழி பெரியவர்கள்மீது விழுகிறது. அது நியாயமற்ற பழி. இன்னொன்றும் உண்டு. மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை என்பவரிடம் சற்றே குரலை உயர்த்தினால், ‘ஏன் கத்துகிறாய்?’ என்று சினந்துகொள்வார். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் காதை வருத்தும் அளவுக்கும் இடையிலான வெளி உட்செவி பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுருங்கிவிடுகிறது. எனவே அந்தச் சினம் பிடிவாதத்தால் வருவதன்று.

காது மெஷின் எனப்படும் செவிப்புலன் கருவியின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கிறது. நல்ல கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்பு என்ற அளவீட்டைப் பார்த்து, செவியியல் நிபுணர் அதற்கேற்ப அமைத்துத் தருகிறார். ஆகவே, சோதனையின்றி இணையத்தில் வாங்கும் மலிவான ஒலிபெருக்கியையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் சென்று சோதித்துக்கொள்வதே முறையான தொடக்கம். இழப்பு போதிய அளவில் உறுதியானால், சமூகநல இலாகாவில் ஓகேயூ எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்து, துணைக்கருவிக்கான உதவியையும் கேட்கலாம். ஒரு கருவிக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும் நிலையில், இந்தப் படிகளைத் தவிர்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போவது வீண்செலவு.

ஆனால் கருவியை வாங்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகள் திடீரெனத் திரும்பும்போது தட்டு உரசுவதும் மின்விசிறி சுழல்வதும் பேரிரைச்சலாகத் தோன்றும். மூளை பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், இடையில் அமைப்பைத் திருத்தவும் வேண்டியிருக்கும். பினாங்கின் ஈரக்காற்றும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் அதைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. பட்டன் பேட்டரியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு வண்ணத்தாளைக் கவனியுங்கள்: 13ஆம் எண்ணுக்கு ஆரஞ்சு, 312க்குப் பழுப்பு. அதை உரித்ததும் காற்று உள்ளே புகுந்து பேட்டரி வேலை செய்யத் தொடங்குகிறது. உடனே கருவியில் போடாமல் ஓரிரு நிமிடம் வெளியே வைத்திருந்து போட வேண்டும். தாளைத் திரும்ப ஒட்டினாலும் தேய்வு நிற்காது. முதியவரின் விரல்களுக்கு இந்த வேலை கடினம். தினமும் யார் செய்துதருவது என்பதை வாங்குமுன்பே வீட்டில் பேசிவைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பேட்டரி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கருவிக்கு இன்னோர் எல்லையும் உண்டு: தூரமும் இரைச்சலும். திறந்த வெளியில் பேசுபவர் இருமடங்கு தள்ளிப்போனால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. நாதஸ்வரம் முழங்கும் கல்யாண மண்டபத்திலோ, கோப்பிக் கடையிலோ விலை உயர்ந்த கருவியும் திணறும். அங்கே அருகில் வந்து, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி அமர்ந்து பேசுவது தரும் பயனை எந்தக் கருவியும் தராது. சொன்னதையே சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பார்ப்பதும் உதவும். உதட்டசைவை மட்டும் நம்ப முடியாது; ‘பணம்’, ‘மனம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது.

இனி, கைப்பேசி எழுத்து. 2019இல் கூகுள் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி காது கேளாதோருக்கான அமெரிக்காவின் காலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் இலவசம், தமிழும் மலாயும் அதில் உண்டு. இரண்டு மொழிகளைத் தேர்ந்துவைத்து, ஒரே தட்டலில் மாற்றிக்கொள்ளலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். செலவில்லை, பழகும் காலமும் குறைவு. கருவி கைவிடும் அளவுக்கு இழப்பு முற்றிய, ஆனால் தமிழ் நன்கு படிக்கத் தெரிந்த பெரியவருக்கு இது பெரும் துணை. குறையும் வெளிப்படையானது: நாம் வீட்டில் பேசும் தமிழில் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்துவரும்போது செயலி தடுமாறுகிறது. மருந்தின் பெயரையும் எண்ணையும் அதை நம்பி விட்டுவிடவே கூடாது. மருந்துக் கூடத்தில், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அவரையே வாசித்துக் காட்டச் சொல்வதுதான் பாதுகாப்பு. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவர்.

பேரனின் நிலைக்கு வருவோம். கேட்டுப் பேச்சைக் கற்காத பிள்ளைக்கு, பேச்சின் எழுத்து வடிவமும் இயல்பாக வருவதில்லை. தஞ்சோங் பூங்காவில் 1954இல் தொடங்கிய கூட்டரசு காது கேளாதோர் பள்ளி இந்நாட்டில் இத்தகைய கல்விக்கு முன்னோடி. அங்கு மாணவர்களிடையே வளர்ந்த சைகைகள் பினாங்குச் சைகை மொழியென ஒரு தனி மரபானது. பின்னர், மலாய் இலக்கணத்தைக் கையால் காட்டும் ‘கோட் தாங்கான்’ முறை பள்ளிகளில் வந்தது. மாணவர்களுக்குள் இயல்பாகப் புழங்குவது மலேசியச் சைகை மொழி. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதையே காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்கிறது. ஆக, இந்தப் பிள்ளை சைகையும் மலாய் எழுத்தும் அறிவான். தமிழ் எழுத்து அவன் பாடத்திட்டத்தில் இராது. பாட்டிக்கு உதவிய தமிழ்ச் செயலி பேரனுக்கு உதவாது. பேரனுக்கு உயிர்நாடியான சைகை மொழியைப் பாட்டி இந்த வயதில் முழுதாகக் கற்பதும் எளிதன்று. நடுவில் இருப்பவர்கள் பெற்றோர். அவர்கள் கற்றே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறுவயதில் கருவியோ, அறுவைச் சிகிச்சையால் உட்செவியில் வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட்டோ பொருத்தியிருந்தாலும், அது ஓய்ந்திருக்கும் வேளைகளில் அந்தப் பிள்ளை மொழியின்றி நிற்கக் கூடாது. சாப்பாடு, வலி, பயம், நாளை எங்கே போகிறோம், ஏன் கோபப்பட்டேன் என்பவற்றைத் தன் வீட்டாரிடம் சொல்ல முடியாத குழந்தை அடையும் தனிமையைப் பள்ளி ஈடுசெய்ய முடியாது. பாட்டி முப்பது நாற்பது சைகைகளைக் கற்றாலும் போதும், பேரன் அவரிடம் வந்து உட்காருவான்.

இன்னொரு கூட்டத்தாரை இந்த ஒப்பீடுகள் மறந்துவிடுகின்றன: சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வையும் மங்கிய பெரியவர்கள். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் மிகுதி என்பதால் இவர்களும் குறைவில்லை. எழுத்து, சைகை, உதட்டசைவு மூன்றும் இவர்களுக்குப் பயன்படாமல் போகின்றன. எனவே கேட்கும் திறனில் எஞ்சியதைக் காப்பதே முதல் வேலை. கருவியின் சிறு பொத்தான்களும் பேட்டரியும் கையாள முடியாதவையாக இருந்தால், பெட்டியும் தலையில் அணியும் ஹெட்ஃபோனும் கொண்ட தனியாள் ஒலிபெருக்கி மேலானது. இருவர் அருகருகே அமர்ந்து பேச அது போதும். மைக்கை நம் வாயருகே பிடித்தால் அறையின் இரைச்சல் பெருமளவு விலகிவிடும். அறைக்குள் நுழைந்ததும் தோளைத் தொட்டு, யார் வந்திருக்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். மகன் வந்தால் தோளில் ஒரு தட்டு, மருமகள் வந்தால் இரண்டு என வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் தொடுகைக் குறிகளை, அவரைப் பார்க்க வரும் தாதிக்கும் சொல்லிவைக்க வேண்டும்.